மகன் எதில இருக்கிறார்? கட்டற்ற செயலிகளும் நம் ஊர்க் கைபேசிகளும்

திருகோணமலை ஏகாம்பரம் வீதியில் ஒரு கொமினிகேஷன் கடையில் போட்டோகொப்பி எடுக்க நின்றுகொண்டிருந்தேன். தம்பலகாமத்திலிருந்து வந்த ஓர் அம்மா, யாரோ பாவித்துவிட்டுக் கொடுத்த பழைய போன் ஒன்றைப் பொலித்தீன் பையில் சுற்றிக் கொண்டுவந்திருந்தார். கூடவே கொப்பித் தாளில் எழுதிய ஒரு நம்பர். மகன் டுபாய்க்குப் போய் மூன்று மாதமாம். கடைப் பையன் போனை வாங்கித் திருப்பிப் பார்த்துவிட்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டான்.

"மகன் எதில இருக்கிறார், அன்ரி?"

"அங்க வட்ஸ்அப்பில எழுதத்தான் ஏலுமாம், கதைக்கேலாதாம் தம்பி. என்னவோ போட்டிமாம்."

அவர் சொன்னது சரி. ஐக்கிய அரபு அமீரகத்தில் வட்ஸ்அப் வழியாகக் குரல் அழைப்பும் வீடியோ அழைப்பும் எடுக்க முடியாது. அங்கே அனுமதி பெற்ற போட்டிம் போன்ற செயலிகள் வழியாகத்தான் கதைக்க வேண்டும். பையன் அதை இறக்கினான், நம்பரை அடித்தான், எஸ்எம்எஸ்ஸில் வந்த இலக்கத்தைப் போட்டான், தாளில் இருந்த நம்பருக்கு எடுத்தான். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை, திரையில் மகனின் முகம் வந்துவிட்டது. திரை கீறல் விழுந்தது. அந்த அம்மா சேலைத் தலைப்பால் துடைத்துத் துடைத்துப் பார்த்தார், கீறல் போகவில்லை. கதைத்து முடித்ததும் நூறு ரூபாய்க்கு ரீலோட் போட்டுக்கொண்டு பஸ்ஸுக்குப் போனார்.

அந்தச் செயலியைச் செய்தவர் யார், அதன் சேர்வர் எந்த நாட்டில் இருக்கிறது, அதை எழுதிய மூலநிரல் யாரும் பார்க்கத் திறந்ததா மூடியதா என்று அவர் கேட்கவில்லை. இதை அறியாமை என்று சொல்லும் நண்பர்கள் எனக்கு இருக்கிறார்கள். என்னால் அப்படிச் சொல்ல முடியாது. கடையில் அன்று கேட்கப்பட்ட கேள்விதான் சரியான கேள்வி. கட்டற்ற மென்பொருளைப் பற்றி ஊரில் பல வருடமாகச் சொல்லித் திரிகிறவன் நான். மற்ற எல்லாக் கேள்விக்கும் என்னிடம் பதில் இருந்தது. "மகன் எதில இருக்கிறார்" என்பதற்கு மட்டும்தான் இருக்கவில்லை.

ஆனாலும் இந்த விஷயம் எனக்கு முக்கியம். ஒரு குடும்பத்தின் முழுப் பேச்சும் ஒரு கொம்பனியின் கையில் இருப்பது நல்லதில்லை என்றுதான் இன்றைக்கும் நம்புகிறேன். அப்படியானால் சாதாரண ஆட்கள் கட்டற்ற செயலிகளுக்கு வராமல் இருப்பது எதனால், வந்த இடங்களில் எதனால் வந்தார்கள் என்று கொஞ்சம் விரிவாகப் பார்ப்போம்.

முதலில் சொற்களைப் பிரித்துக்கொள்வோம்

நம் ஆட்கள் 'பாதுகாப்பான செயலி' என்று சொல்லும்போது மூன்று விஷயங்களை ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள். கட்டற்றது அல்லது திறந்த மூலம் என்றால், மென்பொருளின் மூலநிரலை யாரும் வாசிக்கலாம், திருத்தலாம், பகிரலாம். முனைக்கு முனை மறைகுறியாக்கம் என்றால், அனுப்புகிறவரும் பெறுகிறவரும் மட்டுமே செய்தியை வாசிக்க முடியும், நடுவில் இருக்கும் கொம்பனிக்கு அது வெறும் கிறுக்கல். மையமற்றது என்றால், ஒரே ஆளின் சேர்வரில் எல்லாரும் தொங்காமல், பலர் நடத்தும் பல சேர்வர்கள் ஒன்றோடொன்று கதைத்துக்கொள்வது.

கடைசியாகச் சொன்னது புதிய விஷயம் மாதிரித் தெரியும். ஆனால் நாம் தினமும் செய்வதுதான். டயலொக் சிம்மில் இருந்து மொபிடெல் நம்பருக்கு எடுக்கிறோம். ஹட்ச் வைத்திருப்பவரோடு கதைக்க நாமும் ஹட்ச் வாங்க வேண்டும் என்று யாராவது சொன்னால் சிரிப்போம். மின்னஞ்சலும் அப்படித்தான், 1982-இல் வகுத்த எஸ்எம்டிபி என்ற நெறிமுறை, அதாவது சேர்வர்கள் கதைத்துக்கொள்ளும் பொது விதி, இன்றைக்கும் ஜிமெயிலையும் ஒரு பாடசாலையின் சொந்தச் சேர்வரையும் பேச வைக்கிறது. வட்ஸ்அப்பில் இருந்து வைபருக்கு ஒரு செய்தி அனுப்பப் பாருங்கள், முடியாது. அதை மட்டும் நாம் இயற்கை என்று ஏற்றுக்கொண்டுவிட்டோம்.

இப்போது நம் போனில் இருப்பவற்றைப் பிரித்துப் பார்க்கலாம். வட்ஸ்அப்பில் 2016 ஏப்ரலில் இருந்து எல்லாச் செய்திக்கும் முனைக்கு முனை மறைகுறியாக்கம் உண்டு. அதற்குப் பாவிப்பது சிக்னல் என்ற இன்னொரு செயலியின் நெறிமுறைதான். ஆனால் மூலநிரல் மூடியது, உரிமையாளர் ஒரே நிறுவனம். நீங்கள் எழுதியது அதற்குத் தெரியாது. யாரோடு, எப்போது, எத்தனை தடவை என்பது தெரியும். டெலிகிராம்தான் ஆகப் பாதுகாப்பானது என்று இங்கே பெடியன்கள் பலர் அடித்துச் சொல்வார்கள். சாதாரண டெலிகிராம் உரையாடலில் முனைக்கு முனை மறைகுறியாக்கம் கிடையாது. 'இரகசிய உரையாடல்' என்று தனியாகத் தொடங்கினால்தான் உண்டு, குழுக்களில் அதுவும் இல்லை. சேர்வரின் நிரலும் திறந்ததில்லை. சிக்னல் கட்டற்றது, மறைகுறியாக்கம் உள்ளது, இலாப நோக்கற்ற அமைப்பு நடத்துவது. ஆனாலும் மையமானது, எல்லாச் செய்தியும் அவர்களுடைய சேர்வர் வழியாகத்தான் போகும். டுவிட்டர் மாதிரிப் பதிவு போடும் மாஸ்டொடொன் கட்டற்றது, மையமற்றது. ஆனால் அதில் ஒருவருக்கு மட்டும் அனுப்பும் செய்தியைச் சேர்வர் நடத்துபவர் நினைத்தால் வாசிக்கலாம். மூன்றும் ஒன்றாக இருப்பவை மேட்ரிக்ஸ் நெறிமுறையில் ஓடும் எலிமென்ட், எக்ஸ்எம்பிபி-யில் ஓடும் கொன்வர்சேஷன்ஸ் மாதிரியானவை. பழகக் கடினமானவையும் அவைதான்.

இதைச் சொல்லாமல் "இதுக்கு மாறுங்கோ, நல்லது" என்று மட்டும் சொல்லி ஒருவரைக் கூட்டிவந்தால், அவர் எதிர்பார்த்தது ஒன்றாகவும் கிடைத்தது வேறாகவும் இருக்கும். அதற்குப் பிறகு அவர் நம்மை நம்பமாட்டார். என் கருத்து இது: வீட்டுப் பேச்சுக்கு முதலில் சிக்னல். ஊருக்குச் சொல்ல வேண்டிய அறிவித்தல்களுக்கு மாஸ்டொடொன். பராமரிக்க ஒரு ஆள் இருக்கும் அமைப்புகளுக்கு மேட்ரிக்ஸ். பிரான்ஸ் அரசு தன் ஊழியர்களுக்கு 2019-இல் கொண்டுவந்த 'சாப்' என்ற அரட்டைச் செயலி அந்த மேட்ரிக்ஸில்தான் ஓடுகிறது. அங்கே சம்பளம் வாங்கிக்கொண்டு அதைப் பார்த்துக்கொள்ள ஆட்கள் இருக்கிறார்கள், நம் வீட்டில் இல்லை.

நின்றுபோன நாட்கள் கற்றுத் தந்தது

2021 ஒக்டோபர் 4, திங்கட்கிழமை. நம் நேரம் இரவு ஒன்பது மணி கழிந்து கொஞ்ச நேரத்தில் வட்ஸ்அப், பேஸ்புக், இன்ஸ்டகிராம் மூன்றும் ஒன்றாக நின்றன. உவர்மலையில் எங்கள் வீட்டில் தம்பி ரூட்டரை நிறுத்தி நிறுத்திப் போட்டான். பக்கத்து வீட்டு அக்கா டேட்டா முடிந்துவிட்டது என்று நினைத்து ரீலோட் போட்டுவிட்டு, அதற்கும் வேலை செய்யாததால் மதிலுக்கு மேலால் எட்டிக் கேட்டார். நடந்தது என்னவென்றால், மூன்றுக்கும் சொந்தமான நிறுவனம் தன் வலையமைப்பில் செய்த பராமரிப்பு வேலை ஒன்று பிழைத்துவிட்டது. அதன் சேர்வர்களுக்கு எந்த வழியால் வரலாம் என்று இணையத்துக்குச் சொல்லும் அறிவித்தல்கள் மறைந்துபோயின. சுமார் ஆறு மணி நேரம் உலகம் முழுக்க அந்த வாசல்கள் காணாமல் போயின. அந்த நேரம் முழுக்கச் சாதாரண அழைப்பு போனது, எஸ்எம்எஸ் போனது, மின்னஞ்சலும் போனது. மின்னஞ்சல் நிற்கவில்லை என்பதை யாரும் கவனிக்கவில்லை.

அதற்கு முந்தியும் பிந்தியும் அரசாங்கமே இந்தச் சேவைகளை நிறுத்திய நாட்கள் இருக்கின்றன. 2018 மார்ச்சில் திகனவில் முஸ்லிம்களுக்கு எதிரான வன்முறையின்போது, 2019 ஏப்ரலில் உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு, அப்புறம் 2022 ஏப்ரல் 3 அன்று ஊரடங்குக்குள்ளே. ஒரே இடத்தில் குவிந்திருக்கும் சேவையை நிறுத்துவது எளிது. தொலைத்தொடர்பு நிறுவனங்களுக்கு ஒரு கடிதம் போதும்.

அந்த நாட்களில் ஆட்கள் மாற்றுச் செயலிகளுக்குப் பாய்ந்திருக்க வேண்டும் என்றுதான் என் போன்றவர்கள் எதிர்பார்த்தோம். அப்படி நடக்கவில்லை. எல்லாரும் தடையைச் சுற்றிப் போகும் விபிஎன் போட்டார்கள். பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் அம்மாமாருக்கு விபிஎன் போடப் பழக்கினார்கள். யோசித்துப் பார்த்தால் அதில் ஒரு ஞாயம் இருக்கிறது. புதுச் செயலி உங்களை ஆள் இல்லாத வீட்டுக்குக் கூட்டிப்போகும். விபிஎன் உங்களைப் பழைய வீட்டுக்கே, உங்கள் ஆட்கள் இருக்கும் இடத்துக்கே, பின்வாசலால் கூட்டிப்போகும். இலவச விபிஎன்களில் பல, பாவிக்கிறவர்களின் விவரங்களைச் சேர்த்து விற்பவை என்பது வேறு கதை. அந்த நேரத்தில் அதை யார் கேட்கப் போகிறார்கள்? தடை வந்தால் மக்கள் தானாக மாறிவிடுவார்கள் என்ற நம்பிக்கையை அந்த 2022 ஏப்ரல் ஞாயிற்றுக்கிழமையோடு நான் விட்டுவிட்டேன்.

இணையமே இல்லாதபோது பிரையர் போன்ற செயலிகள் உதவும் என்பார்கள். அது புளூடூத், வைஃபை வழியாகப் போனிலிருந்து போனுக்கு நேரே செய்தி அனுப்பும். நல்ல வேலை. ஆனால் அந்தத் தூரம் சில பத்து மீற்றர்தான், போன் என்றால் அண்ட்ரொயிட்டில் மட்டும்தான் ஓடும். ஒரு முகாமுக்குள், ஒரு பாடசாலைக் கட்டடத்துக்குள் பயன்படும். திருகோணமலையிலிருந்து கடல் தாண்டி மூதூருக்கு அது செய்தி கொண்டுபோகாது. 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் அடித்தபோது பல இடங்களில் கோபுரங்களே செத்துக் கிடந்தன, போனுக்குச் சார்ஜும் இல்லை. அப்படியான நேரத்தைக் காட்டி ஒரு செயலியை விற்பது சரியில்லை.

பெரியப்பாவின் குரல்

2021 ஜனவரியில் வட்ஸ்அப் தன் அந்தரங்கக் கொள்கையை மாற்றுவதாக ஓர் அறிவித்தலைப் போட்டது. உலகம் முழுக்கப் பரபரப்பு. இலோன் மஸ்க் "சிக்னலைப் பாவியுங்கள்" என்று இரண்டு சொல் எழுதினார். வந்து குவிந்த கூட்டத்தைத் தாங்க முடியாமல் ஜனவரி 15-ஆம் திகதி சிக்னலே ஏறக்குறைய ஒரு நாள் விழுந்து கிடந்தது. நானும் அந்த அலையில் எங்கள் அம்மா வழிக் குடும்பக் குழுவைச் சிக்னலுக்குக் கொண்டுபோகப் பார்த்தேன். திருகோணமலை, மட்டக்களப்பு, லண்டன், ரொறன்ரோ, டோஹா என்று சிதறிய குடும்பம். பாதிப் பேர் வந்தார்கள், ஒரு மாதத்துக்குள் நானும் லண்டன் மச்சானும்தான் மிச்சம்.

ஒவ்வொருவரும் ஏன் திரும்பிப் போனார்கள் என்று பின்னால் கேட்டேன். மாமாவின் போனில் பற்றரி சேமிப்பு முறை பின்னணியில் ஓடுவதையெல்லாம் கொன்றுவிடுவதால் செய்தி வந்த சத்தமே கேட்கவில்லை. விலை குறைந்த அண்ட்ரொயிட் போன்களில் இது பெரிய தலையிடி. வட்ஸ்அப்புக்குப் பல போன்களில் முன்கூட்டியே விலக்கு இருக்கும், புதுச் செயலிக்கு நாமே அமைப்புக்குள் போய் அனுமதி கொடுக்க வேண்டும். மாமாவுக்கு அது தெரியாது, நானும் சொல்லவில்லை. மச்சாள் வாங்கும் டேட்டா பொதி பேஸ்புக், வட்ஸ்அப், யூடியூப் போன்ற பெரிய பெயர்களுக்குத்தான் தாராளமாகக் கொடுக்கிறது. மற்ற எதைத் திறந்தாலும் பொது டேட்டாவில் கழியும். விலைவாசி ஏறிய காலத்தில் அது சின்ன விஷயம் இல்லை.

பெரியம்மாவின் காரணம்தான் என்னை உட்கார வைத்தது. பெரியப்பா 2019-இல் தவறிவிட்டார். அவர் கொழும்பு ஆஸ்பத்திரியில் இருந்து அனுப்பிய குரல் செய்திகள் வட்ஸ்அப்பில் இருக்கின்றன. பெரியம்மாவுக்குத் தமிழில் தட்டத் தெரியாது, பெரியப்பாவுக்கும் தெரியாது. இருவரும் பேசிப் பேசித்தான் அனுப்புவார்கள். "அவற்ர குரல் அதுக்குள்ள கிடக்கு. நான் அதை விட்டுட்டு வேற எதுக்கு வாறது?" என்றார் பெரியம்மா. புதிய செயலிக்கு ஆட்களைக் கூப்பிடும்போது தொடர்பு நம்பர்களைக் கொண்டுவரலாம் என்று நினைக்கிறோம். வருடக்கணக்கான படமும் குரலும் அங்கேயே நின்றுவிடுகின்றன. ஒரு வீட்டை விட்டு வருவது எப்படி இருக்கும் என்று நம் மாவட்டத்து ஆட்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. சிக்னலில் முகிலில் காப்புப் பிரதி எடுக்கும் வசதியே 2025 செப்ரெம்பரில்தான் வரத் தொடங்கியது. அதற்கு முன் போன் தொலைந்தால் பெரும்பாலும் பேச்சும் தொலைந்தது.

சிக்னலே இப்படியென்றால் மற்றவை இன்னும் கடினம். வட்ஸ்அப் வென்றதன் இரகசியம், அது பெயரும் கடவுச்சொல்லும் கேட்கவில்லை என்பது. போன் நம்பரே அடையாளம், போனில் உள்ள பெயர்ப் பட்டியலே உறவு வட்டம். எலிமென்டில் சேர்ந்தால் முதலில் சேர்வர் தெரிய வேண்டும், பெயர் வைக்க வேண்டும், கடவுச்சொல் வைக்க வேண்டும், பிறகு 48 எழுத்து நீளமான மீட்புச் சாவி ஒன்றைப் பத்திரமாக வைக்கச் சொல்லும். அதைத் தொலைத்துவிட்டுப் புதுப் போனில் நுழைந்தால் பழைய செய்திகள் வாசிக்க முடியாத வெறும் பெட்டிகளாக நிற்கும். மாஸ்டொடொனும் வெகுகாலம் வாசலிலேயே "எந்தச் சேர்வர்?" என்று கேட்டுக்கொண்டு நின்றது. 2022 ஒக்டோபர் கடைசியில் மஸ்க் டுவிட்டரை வாங்கியதும் இலட்சக்கணக்கில் ஆட்கள் அங்கே போனார்கள், பலர் அந்தக் கேள்வியிலேயே திரும்பினார்கள். 2023-இல்தான் அது தன் சொந்தச் சேர்வர் ஒன்றை முன்னால் வைத்துக் கதவைத் திறந்தது. அதே மாதிரியான இன்னொரு தளமான புளூஸ்கை தொடக்கத்திலிருந்தே அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. 2024 பெப்ரவரியில் எல்லாருக்கும் திறந்தது, அந்த வருட நவம்பரில் இரண்டு கோடி பேரைத் தாண்டியது. மையமின்மையில் மாஸ்டொடொன் அளவுக்கு அது வளரவில்லை என்ற விமர்சனம் உண்டு, நானும் அதை ஏற்கிறேன். ஆனால் வாசலில் கேள்வி கேட்காததன் பலன் கண்முன் தெரிகிறது.

கதவைத் திறந்தவர்கள் மூடிய கதை

கொம்பனிகள் வெளிச் சேர்வர்களுக்குக் கதவைத் திறக்கவே முடியாது என்று நினைக்க வேண்டாம். செய்துவிட்டு மூடியவர்கள் இருக்கிறார்கள். 1999-இல் ஜாபர் என்ற பெயரில் பிறந்த எக்ஸ்எம்பிபி நெறிமுறையில்தான் 2005-இல் கூகுள் டோக் என்ற அரட்டைச் செயலி வந்தது. அடுத்த வருடமே மற்றச் சேர்வர்களோடும் கதைக்கத் தொடங்கியது. ஜிமெயில் வைத்திருப்பவர், தன் அறையில் சொந்தச் சேர்வர் வைத்திருக்கும் ஒருவரோடு அரட்டை அடிக்கலாம். ஆட்கள் சேர்ந்த பிறகு, 2013-இல் கூகுள் தன் புதிய ஹேங்அவுட்ஸ் செயலிக்கு மாறும்போது அந்தக் கதவு மூடப்பட்டது. சின்னச் சேர்வர்களில் இருந்தவர்களுக்குத் தங்கள் நண்பர்களில் பெரும்பாலானோர் ஒரே நாளில் மறைந்ததுபோல் ஆனது. வட்ஸ்அப்பின் அடித்தளமும் அதே எக்ஸ்எம்பிபி-யை மாற்றியமைத்ததுதான், வெளிக்கதவு மட்டும் வைக்கப்படவில்லை.

இப்போது ஐரோப்பிய ஒன்றியம் சட்டத்தால் அந்தக் கதவைத் திறக்கப் பார்க்கிறது. டிஜிட்டல் சந்தைச் சட்டத்தின்படி வட்ஸ்அப் மற்றச் செயலிகளுக்கு இடம் கொடுக்க வேண்டும். 2025 நவம்பரில் இரண்டு சின்னச் செயலிகளோடு அது தொடங்கியது, ஐரோப்பாவில் இருப்பவர்களுக்கு மட்டும். நமக்கு அப்படி ஒரு சட்டம் இல்லை. நம்மிடம் இருப்பது 2024-இல் வந்த நிகழ்நிலைக் காப்புச் சட்டம். அது வேறு நோக்கத்துக்கு, இணையத்தில் போடும் பதிவுகளைக் கட்டுப்படுத்த வந்தது. ஊரில் ஒரு சேர்வர் நடத்த நினைப்பவரைத் தயங்கவும் வைக்கிறது.

'அரட்டை' என்ற செயலியைப் பற்றிச் சொல்லாமல் போக முடியாது. ஸோஹோ நிறுவனத்தின் அந்தச் செயலி 2025 செப்ரெம்பர் கடைசியில் இந்தியாவில் திடீரென்று எல்லார் போனிலும் ஏறியது. தமிழ்ப் பெயர், தென்காசியில் இருக்கும் நிறுவனர் என்று இங்கேயும் பலருக்கு ஒரு பெருமை. எங்கள் பாடசாலைப் பழைய மாணவர் குழுவிலும் அழைப்பு வந்தது, சேர்ந்தேன். கட்டற்றதில்லை, மையமற்றதில்லை, அந்தச் சமயத்தில் எழுத்துச் செய்திகளுக்கு முனைக்கு முனை மறைகுறியாக்கமும் இருக்கவில்லை. ஆனால் ஸோஹோவை நிறுவியவர்களில் ஒருவரான சிறீதர் வேம்பு, செயலிகள் ஒன்றோடொன்று கதைக்க வேண்டும் என்று வெளிப்படையாகச் சொன்னார். அது நடந்தால் நான் மகிழ்வேன். அலை அடங்கிய பிறகு அந்தக் குழுவில் 'காலை வணக்கம்' படங்கள் மட்டும் கொஞ்ச நாள் வந்தன, பிறகு அதுவும் நின்றது. பெருமையால் ஒரு செயலியை இறக்கலாம். அதற்குள் ஒரு வேலை இல்லாவிட்டால் தங்க முடியாது.

யார் காசு கொடுப்பது, யார் தமிழ் வாசிப்பது

இலவசம் என்று சொல்லும்போது கணக்கையும் சொல்ல வேண்டும். 2025 அளவில் வருடத்துக்கு 5 கோடி டொலர் தேவைப்படும் என்று சிக்னல் 2023-இலேயே எழுதியது. புதிதாகச் சேர்கிறவர்களுக்கு எஸ்எம்எஸ் இலக்கம் அனுப்ப மட்டும் அப்போது வருடத்துக்கு 60 இலட்சம் டொலர் போனது. வட்ஸ்அப்பை உருவாக்கிய இருவரில் ஒருவரான பிரையன் அக்டன், அதை விட்டு வந்த பிறகு 2018-இல் கொடுத்த 5 கோடி டொலரில்தான் சிக்னல் அறக்கட்டளையே எழுந்தது. சின்னச் சேர்வர்களுக்கு அப்படி யாரும் இல்லை. மாஸ்டொடொன்.லோல் என்ற பெயர்பெற்ற சேர்வரை நடத்தியவர் சண்டைகளைத் தீர்த்துக் களைத்துப்போய் 2023-இல் மூடிவிட்டார். ஒரு தனி ஆளின் தோளில் ஓர் ஊரை ஏற்றினால் அவர் எத்தனை நாள் தாங்குவார்?

இதில் நமக்குச் சொந்தமான ஒரு பக்கம் இருக்கிறது. 2018-இல் முஸ்லிம்களுக்கு எதிரான வன்முறையில் தன் தளம் ஆற்றிய பங்குக்காகப் பேஸ்புக் 2020 மேயில் மன்னிப்புக் கேட்டது. வெறுப்பைப் பரப்பும் பதிவுகளை நம் மொழிகளில் வாசித்து அகற்றப் போதுமான ஆட்கள் அவர்களிடம் இருக்கவில்லை. தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் ஒரே சந்தையில் மீன் வாங்கும் ஊர் இது. ஒரு வதந்தி இரவு பத்து மணிக்குக் கிளம்பினால் விடிவதற்குள் என்ன ஆகும் என்று நம் பெரியவர்களுக்குத் தெரியும். கலிபோர்னியாவில் இருப்பவருக்கு அது தெரியாது. நம் ஊரின் மூன்று சமூகத்தையும் தெரிந்த, நம் மொழிகளை வாசிக்கக்கூடிய ஆட்கள் கண்காணிக்கும் ஒரு சேர்வர் இருந்தால் எவ்வளவு நல்லது என்று நான் அடிக்கடி யோசிப்பேன். மையமின்மை பற்றி நான் மனதாரச் சொல்லக்கூடிய ஆகப் பெரிய காரணம் இதுதான். அதை ஒரு ஆள் செய்யக்கூடாது. நிலாவெளியில் உள்ள கிழக்குப் பல்கலைக்கழக வளாகம் மாதிரி, ஆள் மாறினாலும் தான் நிற்கும் ஓர் இடம் செய்ய வேண்டும்.

கேட்காமலே வந்தவை

நம் ஆட்கள் கட்டற்ற மென்பொருளுக்கு அந்நியர் இல்லை. விஎல்சி இல்லாத கொம்பியூட்டர் கடை நம் ஊரில் கிடையாது. மற்றவை திறக்க மறுத்த கலியாண வீட்டு டிவிடியை அது திறந்ததால் வந்தது. யாரும் அதன் உரிமத்தை வாசிக்கவில்லை. பல்கலைக்கழகப் பிள்ளைகள் பாடக் குறிப்பு இறக்கும் மூடுலும் கட்டற்றதுதான்.

எல்லாவற்றையும் விடப் பெரிய உதாரணம் சஹானா. 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு, காணாமல் போனவர்களைப் பதியவும் முகாம்களின் கணக்கு வைக்கவும் உதவி தேவைப்படும் இடங்களைக் குறிக்கவும் இலங்கைத் தொண்டர்கள் அவசரமாக எழுதிய கட்டற்ற மென்பொருள் அது. நம் கடற்கரையையும் அடித்த அந்த அலையில் இருந்து பிறந்தது. பிறகு பாகிஸ்தான் நிலநடுக்கத்துக்கும் 2010-இல் ஹெய்ட்டிக்கும் போனது. அன்று யாரும் கட்டற்ற மென்பொருளின் தத்துவம் பேசவில்லை. ஒரு வேலை இருந்தது, அதற்கு ஒரு கருவி வேண்டியிருந்தது, கையில் கொடுக்க ஆட்கள் இருந்தார்கள்.

வேலை, கருவி, கையில் கொடுக்கும் ஆள். இந்த மூன்றும் எங்கே ஒன்றாக இருக்கின்றன என்று பார்த்துத்தான் இப்போது நான் நடக்கிறேன். ஆட்களை வட்ஸ்அப்பை விடச் சொல்வதை நிறுத்திவிட்டேன். குடும்பத்தை முழுதாக இடம்பெயர்க்க முயல்வதும் இல்லை. ஒரு சின்ன வட்டம், அதற்கு ஒரு வேலை, அந்த வேலையில் பழைய செயலியால் வரும் ஒரு நோவு. அது இருந்தால் மட்டும் வாய் திறப்பேன். பொது அறிவித்தல் போடும் சங்கங்களுக்கு மாஸ்டொடொன் பக்கம் ஒன்றைக் காட்டுவதும் அப்படித்தான்: வாசிக்கிறவர் எதிலும் சேராமலே, கணக்குத் திறக்காமலே, இணைப்பை அழுத்தி வாசிக்கலாம். நீர்வெட்டு எப்போது என்று அறிய ஒருவர் பேஸ்புக்குக்குள் போகத் தேவையில்லை.

நோவு என்று சொன்னதற்கு ஓர் உதாரணம். அன்புவழிபுரத்தில் என் தங்கச்சி ஓ.எல். பிள்ளைகளுக்குக் கணிதம் படிப்பிக்கிறாள். பிள்ளைகள், பெற்றோர் எல்லாரும் இருக்கும் வட்ஸ்அப் குழுவில் அவள் நம்பர் எல்லாருக்கும் தெரியும். பெற்றோரின் நம்பரும் பெட்டைப் பிள்ளைகளின் நம்பரும் அப்படியே. இரவு பதினொரு மணிக்குத் தெரியாத நம்பர்களிலிருந்து 'ஹாய்' வரும். யார் எடுத்து யாருக்குக் கொடுத்தது என்று கண்டுபிடிக்க முடியாது. இரண்டு தாய்மார் தங்கள் பிள்ளைகளைக் குழுவிலிருந்து எடுத்துவிட்டார்கள். "அண்ணா, நம்பர் தெரியாம குழு நடத்த ஏதும் இருக்கா?" என்று அவளாகக் கேட்டாள்.

இருந்தது. 2024 பெப்ரவரியிலிருந்து சிக்னலில், உங்கள் நம்பரை முன்பே போனில் சேமித்து வைத்திராதவருக்கு அது தெரியாது. பயனர் பெயர் கொடுத்தால் போதும். சேரும்போது மட்டும் நம்பர் வேண்டும். சிக்னல் மையமற்றது இல்லை என்பது எனக்குத் தெரியும், அன்று அவளுக்கு அது பிரச்சினை இல்லை. அரைப் பக்கத் தமிழில் படிமுறையை எழுதினேன்: இறக்குவது, நம்பர் போடுவது, பற்றரி அமைப்பில் அனுமதி கொடுப்பது, குழு இணைப்பைத் திறப்பது. பாடக் குறிப்பும் மாதிரி வினாத்தாளும் இனி அதில்தான் வரும், மற்றக் கதையெல்லாம் வட்ஸ்அப்பிலேயே இருக்கட்டும் என்று தங்கச்சி சொல்லிவிட்டாள். அந்த அரைப் பக்கத்தில் ஒரு பிரதியை ஏகாம்பரம் வீதிக் கடைப் பையனிடமும் கொடுத்தேன். மேசைக் கண்ணாடிக்கு அடியில், பஸ் நேர அட்டவணைக்குப் பக்கத்தில் அதை வைத்தான். போன் சரிபார்க்க எல்லாரும் அங்கேதானே வருகிறார்கள்.

போன மாதம் ரீலோட் போடப் போனேன். எனக்கு முன்னால் ஒரு தகப்பன், கையில் மகளின் போன். பையன் வழக்கம்போல் கேட்டான், "எதைப் போடவேணும், ஐயா?"

"கணக்கு ரீச்சர் சிக்னல்ல இருக்கிறாவாம் தம்பி. அதைப் போட்டுத் தா, மகளுக்கு நாளைக்குப் பேப்பர்."